குதிகாலை மட்டும் பார்த்தால் போதுமா? நடையை அளந்த கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை ஒரு கிரிக்கெட் மேட்ச்ல ஆரம்பிக்கிறேன். கிரிக்கெட் பிடிக்காதவங்க ரெண்டு நிமிஷம் பொறுத்துக்குங்க. நாம போகப்போற இடம் வேற.

1995 டிசம்பர் 26. மெல்போர்ன் மைதானம், பாக்சிங் டே டெஸ்ட். கண்டியிலிருந்து வந்த 23 வயதுத் தமிழ் இளைஞர் முத்தையா முரளிதரன் பந்து வீசுகிறார். நடுவர் டாரல் ஹேர் கையை நீட்டுகிறார், நோ பால். அடுத்து இன்னொன்று. மூன்று ஓவர்களில் மொத்தம் ஏழு முறை. முரளி பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு.

ஹேர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சது. டிவியில பார்த்த பல பேர் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிஞ்சது. ஆனால் முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுசா நிமிராது. 1996-ல் பெர்த்தில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் கேமராக்கள் வைத்து அவர் கையை அளந்தார்கள். மடங்கியே இருக்கும் ஒரு கை வேகமாகச் சுழலும்போது, அது நிமிர்வது போன்ற ஒரு தோற்றம் பார்ப்பவர் கண்ணில் உண்டாகிறது என்பது முடிவு. சண்டை அதோட முடியல. பல வருஷம் ஓடுச்சு. கடைசியில், பெரும்பாலான பவுலர்களின் முழங்கையும் கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது என்பது அளந்து பார்த்தபோது தெரியவந்தது. 2005-ல் ஐ.சி.சி. 15 டிகிரி என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோடு போட்டது.

அந்தக் கோட்டை அளக்கும் லேப்களில் ஒன்று நம்ம ஊர்லயே இருக்கு. நான் இருக்கிற நங்கநல்லூர்ல இருந்து கத்திப்பாரா தாண்டி, மவுன்ட்–பூந்தமல்லி ரோட்டைப் பிடிச்சா போரூர். அங்குள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் மையத்துக்கு 2014-ல் ஐ.சி.சி. அங்கீகாரம் கிடைத்தது. 2015-ல் பாகிஸ்தானின் சயீத் அஜ்மலும் வெஸ்ட் இண்டீஸின் சுனில் நரைனும் அங்கே வந்து பந்து வீசிக் காட்டினார்கள். உடம்பில் மின்னும் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமராக்களை நிறுத்தி அளக்கிற முறை அது. ‘கோச்சடையான்’ எடுத்த மோஷன் கேப்சர் டெக்னிக்கும் இதே குடும்பம்தான்.

ஆனா இந்த முறை கிரிக்கெட்டுக்காகவோ சினிமாவுக்காகவோ வளர்ந்தது இல்ல. இது பெரிய அளவில் வளர்ந்தது மருத்துவமனைகளில், முக்கியமா செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகள் எப்படி நடக்கிறார்கள் என்று அளப்பதற்காக. அங்கேயும் முரளி கதைதான். கண் ஒண்ணைப் பார்த்துச்சு, உண்மை வேறயா இருந்துச்சு. ஒரே வித்தியாசம், கண்ணை நம்பி அங்கே நோ பால் கொடுக்கல. கத்தியை எடுத்தாங்க.

கால்ல பிரச்சினை இல்லை

செரிப்ரல் பால்சியைத் தமிழில் மூளை முடக்குவாதம் என்கிறோம். குழந்தை கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச நாளிலோ வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பு இது. அந்தப் பாதிப்பு பிறகு பெரிதாவதில்லை. ஆனால் குழந்தை வளருது இல்லையா? எலும்பு நீளும். இறுகிப்போன தசை அதே வேகத்தில் நீளாது. அதனால் மூன்று வயதில் இருந்த நடை எட்டு வயதில் இருக்காது, பதினாலில் இன்னும் மாறும்.

இதில் நிறைய பேர் கவனிக்கும் முதல் அடையாளம், குழந்தை குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தால் நடப்பது. பாட்டி பார்த்தாலும் தெரியும், பக்கத்து வீட்டு மாமி பார்த்தாலும் தெரியும். கண்ணுக்குத் தெரிவது குதிகால், அப்ப சரி பண்ண வேண்டியதும் குதிகால். இதைவிடச் சாதாரண லாஜிக் கிடையாது. நூறு வருஷத்துக்கு மேல மருத்துவமும் பெரும்பாலும் இந்த லாஜிக்ல தான் போச்சு.

1836: ஒரே ராஜ்யம், ரெண்டு வேலை

வில்லியம் ஜான் லிட்டில் லண்டன்காரர், 1810-ல் பிறந்தவர். சின்ன வயசுல போலியோ வந்து, ஒரு பாதம் உள்பக்கம் வளைந்துபோனது. டாக்டருக்குப் படித்ததற்கு ஒரு காரணமே தன் காலைச் சரி பண்ண யாராவது இருக்கிறார்களா என்ற தேடல்தான். 1836-ல் ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் லூயி ஸ்ட்ரோமேயர் என்ற சர்ஜனைப் பார்த்தார். ஸ்ட்ரோமேயர் தோலில் சின்னதாக ஒரு துளை போட்டு, உள்ளே குதிகால் தசைநாணை வெட்டினார். பேச்சு வழக்கில் நாம ‘குதிகால் நரம்பு’ன்னு சொல்றோமே, அது. நரம்பு இல்லை, தசையை எலும்போடு கட்டும் நாண். லிட்டிலின் பாதம் நிமிர்ந்தது. அதே அறுவை முறையை லண்டனுக்குக் கொண்டுபோய், அங்கே எலும்பு மருத்துவத்துக்கென்று தனி மருத்துவமனையும் உருவாக்கினார்.

பிறகு இதே லிட்டில்தான், கால்கள் விறைத்துப்போன குழந்தைகளைப் பற்றி 1840-களில் விரிவுரை நிகழ்த்தினார். 1861-ல் லண்டன் மகப்பேறு மருத்துவச் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். குறைமாதப் பிறப்பு, கஷ்டமான பிரசவம், பிறந்ததும் மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் இந்த விறைப்புக்கும் தொடர்பு உண்டு என்றார். ரொம்ப காலம் இதுக்கு ‘லிட்டில் நோய்’னு தான் பேரு.

இங்கே ஒரு சின்ன விலகல், ஆனா முக்கியம். 1897-ல் இதை மறுத்து எழுதியவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். ஆமா, கனவு விளக்கம் எழுதிய அதே ஃப்ராய்ட். அவர் முதலில் நரம்பியல் மருத்துவர். கஷ்டமான பிரசவம் காரணமா இல்லாம, கருவிலேயே ஏற்கெனவே நடந்த ஏதோ ஒன்றின் விளைவாகவும் இருக்கலாமே என்று கேட்டார். கிட்டத்தட்ட 90 வருஷம் கழித்து, 1980-களில் வந்த பெரிய ஆய்வுகள் அவர் பக்கம் சாய்ந்தன. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிரசவ நேர மூச்சுத் திணறல் காரணம் இல்லை. “பிரசவத்துல நீ சரியா முக்கல, அதான்” என்று மருமகளைச் சொல்லிக் காட்டும் வீடுகள் இன்னும் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

சரி, 1836-க்குத் திரும்புவோம். அப்போது ஹனோவர் என்பது நகரம் மட்டுமல்ல, ஒரு ராஜ்யம். அதே ராஜ்யத்தில் கோட்டிங்கன் பல்கலைக்கழகம். லிட்டிலின் குதிநாண் வெட்டப்பட்ட அதே வருஷம், வில்ஹெல்ம் வெபர், எட்வர்ட் வெபர் என்ற அண்ணன் தம்பி மனித நடையின் இயக்கவியல் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். காலடி தூரம் எவ்வளவு, ஒரு காலடிக்கு எவ்வளவு நேரம் என்று அளந்து, கணக்குப் போட்டு எழுதியது. நடையை அறிவியலாக்கிய ஆரம்ப முயற்சிகளில் முக்கியமானது.

ஒரு ஊரில் காலை வெட்டிச் சரி பண்ணும் கலை, கொஞ்ச தூரத்தில் நடையை அளக்கும் அறிவியல். இரண்டும் ஒரே அறையில் சேர்ந்து உட்கார சுமார் 140 வருஷம் ஆச்சு.

நடுவுல என்ன நடந்தது?

முதல்ல அளக்கிற பக்கம். 1878-ல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். நாலு காலும் தரையை விட்டு எழும்பும் கணம் உண்டு என்று நிரூபித்தார். 1880-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனிதர்களை எடுத்தபோது, பிரான்சிஸ் டெர்கம் என்ற நரம்பியல் மருத்துவரோடு சேர்ந்து நடையில் கோளாறு உள்ள நோயாளிகளையும் படம் பிடித்தார். பாரிஸில் எத்தியென் ஜூல் மாரே ஒரே தகட்டில் ஒரு மனிதனின் அசைவு முழுவதையும் பதிந்தார். 1890-களில் லைப்சிக்கில் பிரவுனே, ஃபிஷர் என்ற இருவர் ஒரு சிப்பாயின் உடம்பில் ஒளிரும் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டு, முப்பரிமாணத்தில் கணக்கிட்டார்கள். குழாய்களைக் கட்டவே பல மணி நேரம். சில காலடிகளைக் கணக்குப் போட்டு முடிக்க வருஷக்கணக்கு. கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கையால.

அறுவை அறையில் இதெல்லாம் போய்ச் சேரவில்லை. அங்கே குழந்தையை நடக்கச் சொல்லி, பார்த்து, படுக்க வைத்து, காலை மடக்கி நீட்டி, முடிவெடுத்தார்கள். குதிகால் தூக்குது, சரி, குதிநாணை நீளமாக்கு.

பல குழந்தைகளுக்கு முதல் வருஷம் ரொம்ப நல்லா இருக்கும். குதிகால் தரையில படும். வீட்ல சந்தோஷம். அப்புறம், ரெண்டு மூணு வருஷத்துல, குழந்தை உயரமும் எடையும் கூடும்போது, முழங்கால் மெல்ல மடங்க ஆரம்பிக்கும். பாதி உட்கார்ந்த மாதிரி ஒரு நடை வரும். ஆங்கிலத்தில் இதைக் கிரவுச் என்கிறார்கள். இப்ப எழுந்து நின்னு, முழங்காலைப் பாதி மடக்கி, அப்படியே ஹால்ல நாலு ரவுண்டு நடந்து பாருங்க. தொடை எரியும். அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு காலடியும் அப்படி.

ஏன் இப்படி ஆச்சு? ஷாமியானா போடும்போது கம்பம் முன்னாடி சாயாமல் இருக்கப் பின்னால் ஒரு கயிறு இழுத்துக் கட்டுவார்கள் இல்லையா? கெண்டைக்கால் தசைக்கு அந்தக் கயிற்றின் வேலையும் உண்டு. நாம் காலை ஊன்றும்போது, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முன்பக்கம் சரியாமல் பிடித்து வைப்பது அதுதான். அது பிடித்தால்தான் முழங்கால் நிமிர்ந்து நிற்கும். கயிறு ரொம்ப இறுக்கமாக இருந்தால் குதிகால் தூக்கும், உண்மைதான். ஆனால் அதை அளவுக்கு மீறித் தளர்த்தினால் கம்பமே முன்னால் சாயும். வெட்டி நீளமாக்கிய நாணைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இன்னொரு சிக்கல். சில குழந்தைகளுக்குக் கணுக்கால் கிட்டத்தட்ட சரியாக 90 டிகிரியில்தான் இருக்கும். முழங்காலும் இடுப்பும் மடங்கியிருப்பதால் கீழ்க்கால் முன்னால் சாய்ந்து, அதோடு சேர்ந்து குதிகால் தூக்கும். பிரச்சினை மேலே, அடையாளம் கீழே. வெறும் கண்ணால் வேகமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி முன்பாத நடைதான். இவர்களுக்கும் குதிகாலில் கத்தி வைத்தால்?

ஒரு இடத்தைச் சரி பண்ணினா இன்னொரு இடம் கெடும். அடுத்த வருஷம் அதுக்கு ஒரு ஆபரேஷன். அதுக்கடுத்த வருஷம் இன்னொன்று. டொரன்டோவில் வேலை பார்த்த சர்ஜன் மெர்சர் ரேங் இதற்கு ‘பிறந்தநாள் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். வருஷா வருஷம் பிறந்தநாளை மருத்துவமனைக் கட்டில்லயே கொண்டாடுற குழந்தைங்க.

ரெண்டும் சந்தித்த இடம்

இரண்டாம் உலகப் போரும் போலியோவும்தான் மாற்றத்தைக் கொண்டுவந்தன. கால் இழந்த சிப்பாய்களுக்கு நல்ல செயற்கைக் கால் செய்ய, வெர்ன் இன்மன் என்பவரின் குழு கலிஃபோர்னியாவில் நடையை மறுபடி நுணுக்கமாக அளந்தது. ஜாக்குலின் பெர்ரி போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் பிசியோதெரபிஸ்ட். பிறகு படித்து எலும்பு சர்ஜனானார். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில், நடக்கும்போது எந்தத் தசை எந்த நொடியில் வேலை செய்கிறது என்று மின்சாரப் பதிவு எடுத்தார். ஒரு தசை இறுகியிருக்கிறதா என்பது மட்டும் கேள்வி இல்லை, தப்பான நேரத்தில் வேலை செய்கிறதா என்பதும் கேள்வி என்று காட்டியவர் அவர். முழங்கால் மடங்காமல் விறைப்பாக நடக்கும் குழந்தைகளுக்கு, தொடையின் முன்பக்கத் தசை ஒன்று கால் காற்றில் இருக்கும் நேரத்திலும் இழுத்துப் பிடிக்கிறது. அதை வெட்டுவதற்குப் பதில் இடம் மாற்றித் தைக்கலாம் என்ற யோசனை 1980-களில் இந்த அளவுகளிலிருந்துதான் வந்தது.

சான் டியாகோவில் டேவிட் சதர்லேண்ட் குழந்தைகளுக்காக நடை ஆய்வகம் அமைத்தார். 1981-ல் கனெக்டிகட்டில், நியூயிங்டன் குழந்தைகள் மருத்துவமனையில், ஜேம்ஸ் கேஜ் இன்ஜினியர்களோடு சேர்ந்து கம்ப்யூட்டர் பொருத்திய லேப் ஒன்றைத் தொடங்கினார். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றின் கோணமும் ஒரே நேரத்தில் வரைபடமாக வந்தது. தரையில் பதித்த தட்டு, கால் எவ்வளவு விசையோடு எந்தத் திசையில் ஊன்றுகிறது என்று சொன்னது.

முழுப்படம் கிடைத்ததும் சிகிச்சையின் கேள்வியே மாறியது. குதிகாலுக்கு என்ன பண்ணலாம் என்பது போய், இடுப்பிலிருந்து பாதம் வரை எது மூலம், எது விளைவு என்று பிரிக்க ஆரம்பித்தார்கள். திருத்த வேண்டிய எல்லாவற்றையும் ஒரே அறுவையில், பல மட்டங்களில் செய்துவிடுவது. பிறகு ஒரு வருஷம் விடாமல் பயிற்சி. அப்புறம் மறுபடி அளவு. பிறந்தநாள் சிண்ட்ரோமுக்குப் பதில் அதுதான்.

இதுல ‘மறுபடி அளவு’ங்கிறதை நான் அடிக்கோடு போடுவேன். அதுவரைக்கும் ஆபரேஷன் நல்லா நடந்துச்சா இல்லையான்னு சொன்னது ஆபரேஷன் பண்ணினவர். குதிகால் தரையில படுது, சக்சஸ். முன், பின் என்று இரண்டு வரைபடங்கள் பக்கத்து பக்கத்தில் வந்தபோது, முதல் முறையாகக் கத்திக்கும் கணக்கு கேட்க முடிந்தது. குதிநாணைத் தனியாக நீட்டியதால் நடை மோசமான குழந்தைகள் கண்ணில் பட்டதும் அப்படித்தான்.

கேமரா கடவுள் இல்லை

1997-ல் இதே கனெக்டிகட் லேப்பிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 91 நோயாளிகள். அனுபவமுள்ள சர்ஜன்கள் முதலில் பரிசோதனையையும் வீடியோவையும் வைத்துத் திட்டம் சொன்னார்கள். பிறகு முப்பரிமாண அளவுகளைக் கொடுத்தார்கள். 52 சதவீதம் பேருக்குத் திட்டம் மாறியது. சரிபாதிக்கு மேல.

இதைக் கேட்டா மெஷின் வாழ்கன்னு தோணும். 2003-ல் வந்த இன்னொரு ஆய்வையும் கேளுங்க. அதே 11 நோயாளிகளை நான்கு வெவ்வேறு லேப்களுக்கு அனுப்பினார்கள். அளவுகளிலும் வேறுபாடு, சிகிச்சைப் பரிந்துரையிலும் வேறுபாடு. உருண்டையை ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒட்டினால் கோணம் மாறும். வரைபடத்தைப் படிப்பதும் மனிதர்தான், அவரவர் பழகிய அறுவை அவரவர் கண்ணில் படும். அளவு தப்பைக் குறைக்கும், முடிவை எடுத்துக் கொடுக்காது.

நடை எதுக்கு?

இந்தக் கேள்விக்கு நம்ம பக்கத்து வரலாறு இல்லாமல் பதில் சொல்ல முடியாது. 1954-ல் வேலூர் சி.எம்.சி.யின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பால் பிராண்ட் அங்கே வளர்த்தெடுத்த தசைநாண் மாற்று அறுவைகள் அவை. பிறகு வெளிநாட்டில் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நடக்க முடியாத ஒருத்தர், நடக்க வைக்கிற துறையையே இங்க கட்டினார்.

சென்னையில் 1985-ல் தொடங்கி, இன்று கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் என்ற பெயரில் இயங்கும் அமைப்பிலிருந்து ஒரு தலைமுறை வந்தது. செரிப்ரல் பால்சி உள்ளவர்களே பேசினார்கள், எழுதினார்கள், வழக்குப் போட்டார்கள். எங்களை நிமிர்த்துறதுக்கு முன்னாடி உங்க படிக்கட்டுக்கு ஒரு சரிவுப் பாதை போடுங்க என்பது இந்தியா முழுக்க எழுந்த அந்தக் குரல்களின் சாரம். 2012-ல் செரிப்ரல் பால்சி உள்ள ஜீஜா கோஷ் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். 2016-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அங்க சரி பண்ண வேண்டியது அவரோட காலை இல்ல.

மருத்துவ உலகமும் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டது. 2004-ல் மெல்போர்னில் ஒரு எளிய அளவுகோல் வந்தது. கேமரா வேண்டாம், மூணே கேள்வி. குழந்தை 5 மீட்டர் எப்படிப் போகிறது, 50 மீட்டர் எப்படி, 500 மீட்டர் எப்படி? அதாவது வீட்டுக்குள், பள்ளிக்குள், கடைத்தெருவில்.

இதை நங்கநல்லூர்ல வெச்சுப் பாருங்க. லேப் தரை கண்ணாடி மாதிரி சமம். பழவந்தாங்கல் ஸ்டேஷன்ல இறங்கி ஆஞ்சநேயர் கோயில் வரைக்கும் உள்ள தரை அப்படியா? பிளாட்பாரத்துல பைக், பாதிக் கல் பெயர்ந்த ஓரம், மழை வந்தா சப்வேல தண்ணி. லேப்ல பத்து மீட்டர் அழகா நடக்கிற பிள்ளை, இந்த 500 மீட்டருக்கு வாக்கரோ சக்கர நாற்காலியோ எடுத்தா அது தோல்வி இல்லை. மிச்சம் பிடிச்ச சக்தியில அது கோயில் வாசல்ல பிரெண்ட்ஸோட நின்னு சுண்டல் சாப்பிடும். அதுக்குத்தானே போறது?

எங்க தெருவுல ஒரு அம்மா கேட்டாங்க, “ஆபரேஷன் பண்ணச் சொல்றாங்கப்பா, பண்ணலாமா?” நான் டாக்டர் இல்லை, அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா இந்த வரலாறு மூணு கேள்விகளைக் கையில கொடுக்குது. அதை அவங்ககிட்ட சொன்னேன், உங்ககிட்டயும் சொல்றேன்.

ஒன்று: குதிகால் தூக்குறதுக்குக் காரணம் குதிகாலேவா, மேலயா? இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துப் பார்த்துதான் திட்டம் போட்டிருக்கீங்களா?

இரண்டு: அறுவைக்கு முன்னாடி நடையைப் பதிவு பண்ணுவீங்களா? பெரிய லேப் கிடைக்கலன்னாலும் வழி உண்டு. 2003-ல் எடின்பரோவில் உருவான ஒரு மதிப்பெண் முறை சாதாரண வீடியோவை வைத்தே ஒவ்வொரு காலுக்கும் 17 விஷயங்களைப் பார்க்கிறது. செருப்பில்லாமல், அரை டிரவுசரில், முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், கேமராவை இடுப்பு உயரத்தில் அசையாமல் வைத்து எடுக்கணும். உங்க போன்ல ஸ்லோ மோஷன் இருக்கு. மதிப்பெண் போடுறது பயிற்சி உள்ளவங்க வேலை.

மூன்று: ஒரு வருஷம் கழிச்சு, அதே மாதிரி, அதே கோணத்துல, மறுபடி எடுத்து, ரெண்டையும் பக்கத்துல வெச்சு எங்களுக்குக் காட்டுவீங்களா?

மூணாவதைக் கேட்கத்தான் நமக்குக் கூச்சம். டாக்டர்கிட்ட கணக்கு கேட்கிற மாதிரி இருக்கும். ஆனா லிட்டில் தன் பாதம் நிமிர்ந்ததைத் தானே தினமும் பார்த்தார். ஆறு வயசுப் பிள்ளைக்குத் தன் நடை முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காது. அதுக்காக யாராவது எழுதி வைக்கணும்.

உங்க வீட்டிலோ தெருவிலோ இந்தப் பாதையில் போயிட்டு இருக்கிற குடும்பம் இருந்தா, இந்தப் பக்கத்தை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.